போர் ஓட்டா, விலைவாசி ஓட்டா?

தேர்தலில் ஓட்டைத் தீர்மானிப்பது போரா, விலைவாசியா? பாளையங்கோட்டை டீக்கடைகளில் தீராத வழக்கு இது.

வேகம்: போர் ஒரே வாரத்தில் ஆளுங்கட்சிக்கு ஆதரவைக் கூட்டும், எதிர்க்கட்சியும் அடக்கி வாசிக்கும். விலைவாசி மெல்லத்தான் கடிக்கும்.

பழி: சண்டை நடக்கையில் விலையேற்றத்துக்கு எதிரியைக் கை காட்டலாம். முடிந்தபின் அந்தச் சாக்கு செல்லாது.

ஆயுள்: இங்குதான் போர் ஓட்டு சறுக்கும். 1991-ல் வளைகுடாப் போரை வென்ற அமெரிக்க அதிபர் அப்பா புஷ், மந்தப் பொருளாதாரத்தால் 1992 தேர்தலில் தோற்றார். ஈராக் போர் ஓடிக்கொண்டிருந்த 2004-ல் மகன் புஷ் ஜெயித்தார். ஆக, வாக்குப்பதிவன்று போர் நடந்தால் போர் ஓட்டு. ஓய்ந்து ஓராண்டானால் விலைவாசி ஓட்டு.

தூரம்: பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலுக்குப்பின் 2019-ல் பாஜகவுக்கு 303 இடங்கள். எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் திமுகவுக்கே! இங்கே கூட்டணிக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.