ரீப்பர் 7 மிடி எடிட்டர்: நாதஸ்வரத்துக்கும் உடுக்கைக்கும் தாங்குமா?

பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டங்களாக வரையும் திரையில்) நோட்டு வரைய எந்த மென்பொருளும் போதும். "அரைக் கட்டை இறக்கிருங்க, அந்தக் கமகத்தை அடுத்த சரணத்துக்கும் வச்சிருங்க" என்று பாடகர் சொன்ன பிறகுதான் எடிட்டரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். நோட்டை நகர்த்தினால், நீட்டினால், நகல் எடுத்தால் அதோடு ஒட்டிய நெளிவும் (அதுதான் கமகம்) அடியும் கூடவே வருகிறதா என்பதுதான் கேள்வி. இசைப்பதிவு மென்பொருளான ரீப்பர் 7-இன் மிடி எடிட்டரை (மிடி என்பது ஒலியை அல்ல, எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கட்டளையைப் பதியும் முறை) இங்கே அதை வைத்தே பார்க்கிறோம். எடைக்கல்லும் திருநெல்வேலிச் சீமையில் வருகிற வேலைதான்: கோயில் கொடைக்குச் சாமி பாட்டு, வில்லிசை, நாதஸ்வர மேளம், பாளையங்கோட்டைப் பக்கத்துப் பாடகர் குழுக்களுக்கு நாலு குரல் கீர்த்தனை.

அடிப்படை வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறும் இடத்தில் இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் நோட்டு விழும். நோட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு அதை அழிக்கும். வலது பொத்தானோடு இழுத்தால் வளைத்துத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு இசை மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவில் வலது சொடுக்கு அழிக்கும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்களின் கை கொஞ்ச நாள் தடுமாறும். பிரிஃபரன்சஸில் மௌஸ் மாடிஃபையர்ஸ் பக்கத்தில் இதைப் பழைய கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நடை, அதாவது ஒரு தட்டை எத்தனை பங்காகப் பிரிக்கிறோம் என்பது. ரீப்பர் ஒரு கால் நோட்டை (ஒரு தட்டை) 960 டிக்காக, அதாவது சின்னஞ்சிறு காலத்துண்டாகப் பிரிக்கிறது. திஸ்ரத்துக்கு (மூன்று பங்கு) 320, கண்டத்துக்கு (ஐந்து) 192, இரண்டும் முழு எண். மிஸ்ர நடைக்கு (ஏழு) வந்தால் 137.14. ஒரு டிக் பிசகு காதில் விழாது. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஒரு டிக் என்பது 0.78 மில்லிசெகண்ட்தான். வினை எங்கே வருகிறதென்றால், 137 டிக் நோட்டு ஒன்றை வரைந்து அதையே நகல் எடுத்து ஒட்டிக்கொண்டே போகும்போது. ஏழு நோட்டுக்கு 959 டிக்தான் ஆகிறது. ஒரு தட்டுக்கு ஒரு டிக் கரைந்து, 64 தட்டில் 50 மில்லிசெகண்ட் முன்னால் ஓடிவிடும். தவில் டிராக்கோடு சேர்த்துக் கேட்டால் அப்போது நன்றாகவே தெரியும். எஃப்எல் ஸ்டுடியோவின் இயல்பான 96 டிக் கணக்கில் இது இன்னும் மோசம். கண்ட நடைக்கு 19.2 வருகிறது, 19 வைத்து நகல் எடுத்தால் ஆதி தாளத்தின் ஒரே ஆவர்த்தத்தில் 60 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். அங்கே புராஜெக்ட் செட்டிங்ஸில் 960 வரை கூட்டலாம், முதல் வேலையாகக் கூட்டிவிடுங்கள்.

ரீப்பரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. பிரிஃபரன்சஸில் மிடி பக்கத்தில் 'டிக்ஸ் பெர் குவார்ட்டர் நோட்' என்ற இடத்தில் 960-க்குப் பதில் 840 போடுங்கள். 3, 4, 5, 7, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண் அது. சங்கீர்ணமும் (ஒன்பது) வேண்டும் என்றால் 2520. இது புதிதாக உருவாக்கும் மிடி ஐட்டங்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே இருப்பவை பழைய கணக்கிலேயே இருக்கும். ஆகவே பாட்டைத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். அடுத்து, மிடி எடிட்டரும் முதன்மைத் திரையும் ஒரே கிரிட்டைப் பயன்படுத்தும்படி வைத்துவிட்டு, ஸ்னாப்/கிரிட் செட்டிங்ஸில் கண்டத்துக்கு 1/20, மிஸ்ரத்துக்கு 1/28 என்று கையால் தட்டச்சு செய்யலாம். பல மென்பொருள்கள் டிரிப்லெட்டோடு நின்றுவிடும் இடம் இது. இந்த ஒரு விஷயத்துக்கே ரீப்பருக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

இனி கமகம். உண்மையான பரீட்சை இதுதான்.

1983-இல் வந்த மிடி விதிப்படி பிட்ச் பெண்ட் (சுருதியை ஏற்றி இறக்கும் செய்தி) நோட்டுக்குச் சொந்தமில்லை, நோட்டுகள் போகும் பாதையான சேனலுக்குச் சொந்தம். நோட்டை எங்கே நகர்த்தினாலும் நெளிவு பழைய இடத்திலேயே கிடக்கக் காரணம் அதுதான். இரண்டு நாதஸ்வரத்தை ஒரே சேனலில் வைத்தால் ஒன்றை வளைக்க இன்னொன்றும் வளையும். இது ரீப்பரின் குற்றமில்லை. ஆனால் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம்.

ரீப்பர் 6-இல் வந்து 7-இலும் இருக்கும் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச், கருவியை இயக்கும் எண் செய்தி) வளைவுகள் இங்கே பெரிய உதவி. முன்பெல்லாம் ஒரு அசைவுக்கு நூறு புள்ளி பொறிக்க வேண்டும், ஒன்றைத் திருத்த நூறையும் அழிக்க வேண்டும். இப்போது கீழே ஒன்று, மேலே ஒன்று, மறுபடி கீழே ஒன்று என மூன்று புள்ளி போதும். இடைப்பட்ட கோட்டின் வடிவத்தைப் புள்ளியின் மேல் வலது சொடுக்கி மாற்றலாம்.

இரண்டு கட்டை சுருதியில் தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ச என்பது டி, சாதாரண காந்தாரம் எஃப். அசைவு கீழே சுத்த ரிஷபம் வரை, மேலே சுத்த மத்யமம் வரை போகும்; அதாவது எஃப்பிலிருந்து இரண்டு அரைச்சுரம் கீழ், இரண்டு மேல். மிடியின் இயல்பான பெண்ட் வீச்சும் இரண்டு அரைச்சுரம்தான் என்பதால் இது மட்டும் இடிக்காமல் நுழைந்துவிடும். ச-விலிருந்து ப வரை ஜாரு (வழுக்கல்) இழுத்தால் ஏழு வேண்டும், அங்கே முட்டும். எனவே ஆரம்பத்திலேயே வீச்சை 12 என வைத்துவிடுவது புத்திசாலித்தனம். டிராக்கின் தொடக்கத்தில் சிசி 101-க்கு 0, சிசி 100-க்கு 0, சிசி 6-க்கு 12, சிசி 38-க்கு 0, கடைசியில் 101-க்கும் 100-க்கும் 127. இந்த வரிசை மாறக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே டிக்கில் அடுக்கினால் எது முன்னால் போகும் என்று நம்ப முடியாது, ஆகவே சில டிக் இடைவெளி விடுங்கள். பல சாம்பிள் கருவிகள் இந்தச் செய்தியைக் கண்டுகொள்வதே இல்லை. அவற்றில் கருவியின் உள்ளேயே வீச்சைக் கூட்ட வேண்டும். ரீப்பரில் வரைந்த கணக்கும் கருவியின் வீச்சும் ஒன்று 2-லும் மற்றது 12-லும் நின்றால் ராகமே வேறாகிவிடும்.

வீச்சு 12 ஆனபின் ஓர் அரைச்சுரத்துக்குச் சுமார் 683 அலகு. தோடி காந்தாரத்துக்கு நடுவிலிருந்து இருபக்கமும் 1365 வரை. வடிவத்தை 'ஸ்லோ ஸ்டார்ட்/எண்ட்' என்று வையுங்கள். நேர்கோடு வைத்தால் முனையில் ஒடிந்து கேட்கும். எல்லா அசைவும் ஒரே உயரத்தைத் தொட்டால் ஹார்மோனியத்துக்குப் பேய் பிடித்தது போல இருக்கும். மேல் புள்ளிகளில் ஒன்றிரண்டை 1200 பக்கம் இறக்குங்கள், கடைசி அசைவைக் கொஞ்சம் தாமதிக்க விடுங்கள்.

அதிகம் பேர் வழுக்கும் இடம் சொற்றொடரின் முடிவு. கடைசிப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் வடிவத்தை 'ஸ்கொயர்' என மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த சொற்றொடரின் முதல் புள்ளியை நோக்கி ரீப்பர் கோடு இழுத்துக்கொண்டே போகும். நடுவில் வருகிற நேர் நோட்டெல்லாம் மெல்ல மெல்லச் சுருதி விலகும். "சாம்பிளில் சுருதி சரியில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

நகல் எடுக்கும்போது ஆப்ஷன்ஸ் பட்டியலில் 'சிசி செலக்‌ஷன் ஃபாலோஸ் நோட் செலக்‌ஷன்' இயங்க வேண்டும். நோட்டைத் தேர்ந்தால் அதன் அடியிலுள்ள வளைவுப் புள்ளிகளும் தேர்வாகும், நகல் எடுத்து ஒட்டினால் சேர்ந்தே போகும். அரைக் கட்டை இறக்கினாலும் பிரச்சினை இல்லை. வளைவின் அளவு அரைச்சுரக் கணக்கில் இருப்பதால் அப்படியே பொருந்தும். இடிப்பது நீட்டும்போது. நோட்டின் வாலைப் பிடித்து ஒன்றரை மடங்கு இழுத்தால் நோட்டு மட்டும் நீளும், கமகம் பழைய நீளத்திலேயே முடிந்து மிச்சம் மொட்டையாக நிற்கும். இந்த மென்பொருளின் மிகப் பெரிய குறை இதுதான்.

க்யூபேஸ் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பிலேயே நோட் எக்ஸ்பிரஷன் என்று வளைவை நோட்டுக்குள்ளேயே வைத்தது, அதற்கு ஒத்துவரும் விஎஸ்டி3 வகை மென்பொருள் கருவி இருந்தால். ஏபிள்டன் லைவ் 11-உம் நோட்டுக்கு ஒரு வளைவு என்ற வசதியைத் தந்துவிட்டது. ரீப்பர் எம்பிஈ கீபோர்டிலிருந்து (ஒவ்வொரு நோட்டையும் தனிச் சேனலில் அனுப்பும் வகை) பதிவு செய்யும், ஆனால் திருத்த உட்கார்ந்தால் பதினைந்து சேனலின் வளைவும் ஒரே பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சேனல் வடிகட்டியை மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். எஃப்எல்லின் ஸ்லைடு நோட்டு கமகத்துக்கு அழகான யோசனை, ஆனால் அதன் சொந்தக் கருவிகளில் மட்டுமே ஓடும். வெளியிலிருந்து வாங்கிய நாதஸ்வர சாம்பிளுக்கு உதவாது.

லூவா என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ரீப்பரில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தேர்ந்த நோட்டின் தொடக்கம், முடிவு, சேனல் மூன்றையும் படித்து, அந்த இடைவெளியில் அதே சேனலில் உள்ள பெண்ட் புள்ளிகளைப் புதிய நீளத்தின் விகிதத்துக்கு நகர்த்தும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளியை நகர்த்தும்போதும் வரிசைப்படுத்த விட்டால் எண்வரிசை மாறி, அடுத்த சுற்றில் வேறு புள்ளி நகரும். வரிசைப்படுத்துவதை நிறுத்திவைத்து, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை மட்டும் செய்யுங்கள். எஃப்எல்லும் 21.1-இலிருந்து பியானோ ரோலுக்குப் பைத்தான் ஸ்கிரிப்ட் தந்திருக்கிறது.

ஜண்டை வரிசைக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே சுரம் இரண்டு முறை வரும்போது முதல் நோட்டின் வால் இரண்டாவதின் மேல் ஏறினால், முதல் நோட்டின் முடிவுச் செய்தி இரண்டாவதை அறுத்துவிடும். 'கரெக்ட் ஓவர்லாப்பிங் நோட்ஸ்' என்பதை இயக்கி, இடையில் 10 முதல் 20 டிக் விடுங்கள்.

வில்லிசைக்கு வருவோம். உடுக்கை, குடம், கட்டை, தாளம், வில்லின் மணி எல்லாம் ஒரே டிரம் ஐட்டத்தில் வைப்பது வழக்கம். நோட்டுப் பெயர்க் கோப்பு ஒன்று எழுதினால் பியானோக் கட்டைக்குப் பதில் அடியின் பெயர் தெரியும். வரிக்கு ஓர் எண், இடைவெளி, பெயர், அவ்வளவுதான். பிறகு பயன்படாத, பெயரில்லாத வரிசைகளை மறைத்தால் திரையில் ஏழெட்டு வரி மட்டும் நிற்கும். கணியான் கூத்து மகுடப் பறைக்கு உச்சம், மந்தம் என்று தனித்தனி வரிசை, தவிலுக்குக் கூடு போட்ட விரலின் வலந்தலை அடிகளும் கழியின் தொப்பி அடிகளும் தனித்தனி. உடுக்கைக்கு மட்டும் தனிச் சேனல் கொடுங்கள். வாரை இறுக்கித் தொனி ஏற்றும் நெளிவைப் பெண்டில் வரைந்தால், ஒரே சேனலில் உள்ள குடமும் சேர்ந்து ஏறும், கேட்கச் சகிக்காது.

நோட்டுகளைக் கிரிட் கோட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸ் சாளரம் க்யூ எழுத்தில் திறக்கும். 100 சதவீதம் அழுத்தினால் உடுக்கையின் உருட்டல் செத்தது. பெரிய அடிக்கு முன்னால் வரும் சின்ன அடிகளைப் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து ஒட்டிவிடும். வலிமை 60 முதல் 70 வரை போதும். 'ஓன்லி குவாண்டைஸ் ரேஞ்ச்' வைத்துக் கோட்டிலிருந்து தொலைவிலுள்ள நோட்டைத் தொடாமல் விடச் சொல்லலாம். மனிதக் கைபோல ஆக்கும் ஹியூமனைஸ் கண்ணை மூடிக்கொண்டு கலைக்கும், சமத்தையும் (தாளத்தின் முதல் தட்டு) விடாது. பக்க அடிகளை மட்டும் தேர்ந்து பயன்படுத்துங்கள்.

அரைக் கட்டை இறக்கும்போது எல்லாவற்றையும் தேர்ந்து இழுப்பவர்கள் கீ-ஸ்விட்ச் நோட்டுகளை (ஒலிக்காமல் கருவியின் வாசிப்பு முறையை மட்டும் மாற்றுபவை) மறந்துவிடுவார்கள். அடியில் கிடக்கும் அந்த நோட்டுகளும் இறங்கும், பிறகு நாதஸ்வரம் தொடர் ஊதலுக்குப் பதில் துண்டு துண்டாக ஊதும். கீ-ஸ்விட்சைத் தனி ஐட்டத்தில் வைப்பதே நல்லது. ஃபோனில் நோட்டு சொல்லும்போதும் கவனம் வேண்டும். நடு 'சி' ரீப்பரில் சி4, யமஹா கீபோர்டில் சி3, எஃப்எல்லில் சி5. எண் 60 என்று சொன்னால் குழப்பமில்லை.

ராகத்துக்குள் நோட்டைப் பூட்டும் கீ ஸ்னாப் வசதியில் நாமே ராகம் சேர்க்கலாம். ஸ்கேல் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. பன்னிரண்டு இலக்கத்தில் இல்லாத சுரத்துக்கு 0. மோகனம் 102030050600, மாயாமாளவகௌளை 120034056007. ஆனால் ஏறும் வழியும் இறங்கும் வழியும் அதற்குத் தெரியாது. பிலஹரியில் ஆரோகணத்தில் மோகனம், அவரோகணத்தில் சங்கராபரணம். எதைப் பூட்டினாலும் பாதி தப்பு. மேளகர்த்தாக்களுக்கும் (தாய் ராகங்கள்) நேரான ஜன்யங்களுக்கும் (அவற்றில் பிறந்தவை) மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நாலு குரல் கீர்த்தனைக்குக் குறை சொல்ல இடமில்லை. நாலு ஐட்டத்தையும் ஒரே எடிட்டரில் திறந்து, டிராக் வாரியாக நிறம் கொடுத்தால் ஆல்டோவும் டெனரும் எங்கே குறுக்கிடுகின்றன என்று பார்த்தவுடன் தெரியும். ஸ்டாஃப் நொட்டேஷன் பார்வை சரிபார்க்கப் போதும், பாடகர் கையில் கொடுக்கும் தரமில்லை. மியூசிக்எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து, இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோரில் அச்சுக்குத் தயார் செய்யுங்கள்.

நிறுவியவுடன் தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வையுங்கள். யுபிஎஸ் இருந்தாலும் வையுங்கள். 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். தனி ஆளின் சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வரவு 20,000 டாலருக்கு உட்பட்ட தொழிலுக்கும் உரிமம் 60 டாலர், அதற்கு மேல் 225. இப்போது 7-க்கு வாங்கும் உரிமம் 8.99 வரை செல்லும்.