ஷட்டரில் இல்லாத வேகத்தை அளந்து கொடுத்தார்கள்

பழைய மடக்கு கேமராவையோ, ஷட்டரோடு கூடிய பழைய லென்ஸையோ சர்வீஸுக்கு அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்.

என்னிடம் 6x9 மடக்கு கேமரா ஒன்று உண்டு. 105 மி.மீ. லென்ஸ், காம்பூர்-ரேபிட் ஷட்டர். மூனிச்சில் ஃப்ரீட்ரிஷ் டெக்கலின் நிறுவனம் 1912-இல் காம்பூரைக் கொண்டுவந்தது. அதன் விரைவான வகையான ரேபிட் 1930களின் நடுவில் வந்தது. பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்ததால், எனக்கு வந்தபோது ஒரே ஒரு குறைதான் இருந்தது. 1/25 வினாடியைவிட விரைவான வேகங்கள் சரியாக ஓடின. ஒரு வினாடி, அரை வினாடியில் வைத்தால் மட்டும் உள்ளே இருக்கும் பற்சக்கரம் முனகிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிடும். ஒளியைத் திறந்து மூடும் இதழ்கள் திறந்தபடியே இருக்கும்.

இது தேய்மானம் இல்லை. மெதுவான வேகங்களைத் தருவது கடிகாரத்தில் இருப்பது போன்ற சின்னப் பற்சக்கர வரிசை. அதில் எப்போதோ வைத்த எண்ணெயும் கிரீஸும் காலப்போக்கில் பிசினாகிவிடும். ஸ்பிரிங்கின் இழுப்பு அந்தப் பிசினை மீற முடியாமல் சக்கரம் நின்றுபோகும். பிரித்து, கழுவி, உலர்த்திப் பூட்டினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று தேடி, "முழு சர்வீஸ், எல்லா வேகமும் அளந்து தருவோம்" என்று சொன்ன ஒருவருக்கு அனுப்பினேன்.

நான்கே நாளில் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். பார்சல் வந்ததும் ஒரு வினாடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். "ஸ்ர்ர்ர்" என்று சீராக ஓடி மூடியது. கேட்கவே அவ்வளவு நன்றாக இருந்தது. கூடவே அச்சடித்த ஒரு தாள். ஒவ்வொரு வேகத்துக்கும் நேராக அளவு போட்டு, எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருந்தது. சந்தோஷமாக மடித்து கேமரா உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஷட்டர் பாதி திறந்து நின்றது. திரும்ப அழுத்தினேன், மெதுவாக மூடியது. மூன்றாவது முறை திறக்கவே இல்லை. முன்பு ஒழுங்காக ஓடிய 1/100-ம் இப்போது ஓடவில்லை. கொடுத்ததைவிட மோசமான நிலையில் என் ஷட்டர் இருந்தது.

கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் பின்பகுதியை மட்டும் கழற்றினேன். இதழ்கள் தெரிந்தன. அவற்றின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கும் அப்பெர்ச்சர் தகடுகளிலும் அதே பளபளப்பு. முன்பகுதிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல்.

நடந்தது இதுதான். ஷட்டரைப் பிரிக்கவே இல்லை. முன்மூடியை எடுத்து, பற்சக்கரத்தின் மேல் நீர்த்த எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். அது பழைய பிசினை இளக்கிவிடும், சக்கரம் அன்றைக்கு ஓடும். வாடிக்கையாளருக்கு வீடியோ எடுத்து அனுப்ப அது போதும். ஆனால் எண்ணெய் ஊற்றிய இடத்திலேயே நிற்காது. நுண்ணிய இடுக்குகள் வழியாகப் பரவி, இளகிய பழைய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இதழ்களுக்கு நடுவே போய்விடும். என்னுடையது போன்ற லீஃப் ஷட்டரின் இதழ்கள் மிக மெல்லிய எஃகுத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகர்பவை. அவை உலர்ந்துதான் ஓட வேண்டும். ஈரமான இரண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள், எண்ணெய் பட்ட இதழ்கள் ஏன் நகரவில்லை என்று புரியும். அப்படி ஒட்டிக்கொண்டதை மேலும் மேலும் அழுத்திப் பார்த்தால் இதழ் வளையலாம், அதைப் பிடித்திருக்கும் சிறு ஊசி உடையலாம். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். 1/60 சரி, 1/125 சரி, 1/500 சரி என்று போட்டிருந்தது. என் ஷட்டரின் வளையத்தில் இருப்பது 1, 2, 5, 10, 25, 50, 100, 250, 400 (அதாவது 1 வினாடி, 1/2, 1/5 என்று 1/400 வரை). அது பழைய வரிசை. 1/60, 1/125 என்ற வரிசை பின்னால் வந்தது. 1/500 இந்த அளவு காம்பூர்-ரேபிட்டில் கிடையவே கிடையாது. இல்லாத வேகத்தை எதை வைத்து அளந்தார்கள்? வேறு ஏதோ ஷட்டருக்கான தாளை, அல்லது எல்லோருக்கும் கொடுக்கும் ஒரே தாளை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். என்னை மிகவும் காயப்படுத்தியது இந்தத் தாள்தான். எண்ணெய் ஊற்றியதை அறியாமை என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. முதல் ரோலில் எடுத்த எட்டுப் படங்களில் தூரத்துக் காட்சிகள் எல்லாம் மங்கல். என் கை ஆடியிருக்கும் என்று நினைத்துவிட்டுவிட்டேன். சந்தேகம் வந்ததும், ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒரு மங்கல் கண்ணாடியை வைத்து, ஷட்டரைத் திறந்து நிறுத்திப் பார்த்தேன். மிகத் தொலைவுக்கான முடிவிலிக் குறியில் வைத்தால் தூரத்துக் கட்டடம் கலங்கியிருந்தது, பத்து மீட்டரில் இருந்த மரம் கூர்மையாக இருந்தது. இந்த மாதிரி லென்ஸ்களில் முன்கண்ணாடியைத் திருகித்தான் ஃபோகஸ் செய்கிறோம். அதைக் கழற்றினால், எந்த இடத்தில் மறை (திருகுப் புரி) விட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பல லென்ஸ்களில் மறை தொடங்கும் இடங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும், தப்பான இடத்தில் ஏற்றினாலும் அழகாகவே ஏறும். திரும்பப் பூட்டியபின் முடிவிலியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இவர்கள் அதையும் செய்யவில்லை. வளையத்தின் காடிகளில் இரண்டு புதுக் கீறல்கள் வேறு.

கேட்டேன். "பழைய ஷட்டர் என்றால் அப்படித்தான்" என்று முதல் பதில். படங்களை அனுப்பினேன். "நாங்கள் அனுப்பும்போது ஓடியது, வீடியோ இருக்கிறது" என்று இரண்டாவது பதில். தாளில் உள்ள 1/500 பற்றிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

இப்படி ஒரு தாள் உங்களுக்கு வந்தால் முதலில் உங்கள் ஷட்டர் வளையத்தோடு வைத்துப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனாலும், எல்லா வேகமும் துல்லியமாகச் சரி என்று இருந்தால் நம்ப வேண்டாம். இத்தனை வயதான ஸ்பிரிங்கில் உச்ச வேகம் கொஞ்சம் மெதுவாக இருப்பதுதான் இயல்பு. மெதுவான வேகங்களை நீங்களே பார்க்கலாம். போனில் வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி இருந்தால், விளக்குக்கு எதிரே லென்ஸை வைத்துப் படம்பிடித்து, ஒளி தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். ஒரு வினாடிக்கு 240, 1/10-க்கு 24, 1/25-க்குப் பத்து வரை வரும். 1/100-க்கு மேல் இந்த வழி உதவாது, அதற்கு ஒளி உணரி வைத்த கருவி வேண்டும். வந்த அன்று ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். எண்ணெய் வைத்து ஓட்டிய ஷட்டர் இரண்டாவது முறை காட்டிக்கொடுக்க வாய்ப்பு அதிகம்.

அனுப்புவதற்கு முன்பே கேட்க வேண்டியதும் உண்டு. இதழ்களை வெளியே எடுத்துக் கழுவுவீர்களா? எண்ணெய் எங்கே வைப்பீர்கள்? பிரித்த நிலையில் ஒரு படம் அனுப்புவீர்களா? வேலை தெரிந்தவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். எரிச்சல்பட்டால் அங்கே கொடுக்காதீர்கள். லைட்டர் திரவத்தில் ஷட்டரை முழுதாக அமிழ்த்தி எடுத்தால் போதும் என்பவரிடமும் வேண்டாம். அழுக்கு கரைந்து, திரவம் ஆவியானதும் இதழ்களுக்கு நடுவிலேயே படிந்துவிடும்.

என் கேமரா பிறகு வேறொருவரிடம் ஆறு வாரம் இருந்தது. அவர் முழுக்கப் பிரித்து, புதுத் திரவம் மாற்றி மாற்றிக் கழுவி, பற்சக்கர அச்சுகளில் மட்டும் ஊசி முனையால் தொட்டு கடிகார எண்ணெய் வைத்தார். இதழ்களில் ஒரு சொட்டும் இல்லை. முன்கண்ணாடியைத் துடைத்து, முடிவிலியையும் சரிசெய்தார். உச்ச வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு (ஸ்பிரிங்கை இழுத்து வைப்பதற்கு) முன்பே வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றியபின் வளையத்தை 400-க்குத் திருகாதீர்கள், அதற்குத் தனி ஸ்பிரிங் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அவர் கையால் எழுதித் தந்த தாளில் ஒன்பது வேகங்கள் இருந்தன. கடைசி வரி: "400-இல் வைத்தால் சுமார் 270 தான் வருகிறது. ஸ்பிரிங் வயதானது, அரை ஸ்டாப் (ஒளி அளவில் அரைப் படி) கணக்கில் வைத்துக்கொள்ளவும்."