ஊர்ப் பயணத்தில் கொலஸ்ட்ரால் மாத்திரை: மருந்துக்கடை, கிளினிக், லேப்

லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலருடைய பையில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஏதோ ஒரு ஸ்டாடின் மாத்திரை இருக்கும். திருச்சியில் இந்த முறை பார்த்தவரை, அது கிடைப்பதில் சிரமமே இல்லை. அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் தெருமுனைக் கடையிலும் உண்டு. மக்கள் மருந்தகத்தில் விலை இன்னும் குறைவு. ஆபத்து வருவது வேறு வழியில்: சளிக்கும் அரிப்புக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அங்கே புதிதாகச் சேரும் மாத்திரைகளால்.

முதலில் கடை. பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிய மருத்துவர் சீட்டைக் காட்டுங்கள். அங்கே கூட்டு மாத்திரைகள் ஏராளம். எக்கோஸ்பிரின் ஏவி 75/10 என்றால் 75 என்பது ஆஸ்பிரின், 10 தான் அடோர்வாஸ்டாடின். இது தெரியாமல் வாங்கினால் தேவையில்லாத ஆஸ்பிரினும் உள்ளே போகும். ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அது இரட்டிப்பாகும். பத்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, காகிதக் கவரில் போட்டு, கவர் மேல் 'இரவு 1' என்று எழுதித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையில் தங்கும் துண்டோடு போய்விடும். முழு அட்டையாக வாங்குவதே நல்லது.

சிம்வாஸ்டாடின் அங்கே அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. பதிலுக்கு வேறு ஸ்டாடின் தந்தால் அதே எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. சிம்வா 40க்கு ஈடு ஏறக்குறைய அடோர்வா 20. ரோசுவா இன்னும் வீரியம் கூடியது. நம் வம்சாவளியினர் உடலில் ரோசுவா ரத்தத்தில் கூடுதலாகவே சேர்கிறது. அதனால்தான் பிரிட்டனில் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறார்கள். 40 தரக் கூடாது என்பது விதி.

கவனம் மிகவும் தேவைப்படும் இடம் தோல் கிளினிக். வியர்வையில் படர்தாமரை வந்து அங்கே காட்டப் போனால், இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக் கொல்லிக் கேப்சூலை வாரக்கணக்கில் எழுதித் தருவது வழக்கம். சிம்வாவையும் அடோர்வாவையும் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். தினமும் விழுங்கும் அதே மாத்திரை ரத்தத்தில் பல மடங்காக ஏறி, தசை நார்கள் உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். சிம்வாவோடு இட்ராகொனசோல் கூடவே கூடாது. அடோர்வா என்றால் அளவைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கேப்சூலை முடித்த பிறகும் இரண்டு வாரம் வரை அதன் தாக்கம் இருக்கும். களிம்பு போதுமா என்று கேளுங்கள். பல நேரம் போதும்.

தொண்டை வலிக்குக் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ போன்ற ஆன்டிபயாடிக் தந்தாலும் இதே கதைதான். 'டாக்டர், நான் ஸ்டாடின் எடுக்கிறேன், இன்ன பெயர், இத்தனை மில்லிகிராம்' என்று நாமே முந்திச் சொல்ல வேண்டும். கூட்டமான கிளினிக்கில் அவராகக் கேட்க நேரம் இருக்காது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக ஸ்டாடினை நிறுத்தக் கூடாது.

பம்பளிமாஸ், கிரேப்ஃபுரூட்டின் நெருங்கிய சொந்தம். சிம்வா, அடோர்வா எடுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது, சாத்துக்குடிக்குத் தடையில்லை. விருந்துக்குப் பின் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடித்தால், ரோசுவா உடலில் சேர்வது பாதியாகக் குறையும். ரோசுவாவை முதலில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

லேப் சேவை வேகமானது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, மாலைக்குள் வாட்ஸ்அப்பில் முடிவு அனுப்புகிறார்கள். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே அலகு மில்லிகிராம், லண்டனில் மில்லிமோல்: கெட்ட கொழுப்பான எல்டிஎல் 77 என்பதை 38.7ஆல் வகுத்தால் நம் கணக்கில் 2.0. கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்ஜிபிடி என்பதுதான் லண்டனில் ஏஎல்டி. காய்ச்சல் வந்த வாரத்தில் கொழுப்புப் பரிசோதனை செய்யாதீர்கள். எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும்.

காய்ச்சலோடு உடல்வலி வந்தால் சிக்குன்குனியா, டெங்கு என்றே எல்லோரும் நினைப்பார்கள். தொடையும் தோளும் இரண்டு பக்கமும் ஒன்றாக வலித்து, மாடி ஏற முடியாமல் பலம் குறைந்தால் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். அது இயல்பான அளவின் உச்ச வரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் ஸ்டாடினை நிறுத்த வேண்டும். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல், அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.