ஹட்டன் – கொழும்பு இரவு பஸ்: சீட் நல்லது, பார்சல்தான் பயம்

நோர்வூட்டில் வீடு, வெள்ளவத்தையில் வேலை. 2025 முழுக்க மாதம் இருமுறை இந்த பஸ்ஸில்தான் போய் வந்தேன். சீட் நன்றாகச் சாயும். கினிகத்தேனை வளைவுகளில் டிரைவர் நிதானம். கித்துல்கலயில் நிறுத்தும் கடையில் ரொட்டியும் சம்பலும் அருமை.

குறை பார்சலில். வழியில் யாரோ கை காட்ட, டேப் சுற்றிய பெட்டி ஒன்றைக் கண்டக்டர் வாங்கி என் காலடியில் தள்ளினார். பெயர்கூடக் கேட்கவில்லை.

"அண்ணே, உள்ளே என்ன?"

"தெரியாது தங்கச்சி, அவிசாவளையில் ஆள் வந்து எடுக்கும்."

அந்த ஆண்டு பெப்ரவரி 19இல்தான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டான். துப்பாக்கி வந்தது குடைந்த புத்தகத்துக்குள். ஓகஸ்டில், அந்தக் கொலையில் தேடப்பட்ட கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்டவர்களை ஜகார்த்தாவில் பிடித்தார்கள். 'ஐஸ்' என்றொரு போதைப்பொருள் இருப்பதே தெரியாமல், ஐஸ் என்றால் சர்பத்துக்குப் போடுவது என்றிருந்த எங்கள் அம்மாவே இப்போது, 'பையை மடியிலேயே வை' என்கிறார். பெட்டிக்குள் பழம்கூட இருந்திருக்கலாம், சரி. பொலிஸ் ஏறினால் மாட்டுவது யார்?

அவிசாவளை வரை காலைச் சீட்டில் மடக்கியே உட்கார்ந்திருந்தேன். ஐந்துக்கு மூன்று. பார்சல்காரரின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதத் தொடங்கினால் நான்கு.