தீக்காயப் பிரிவு: சிகிச்சைக்கு முழு மார்க், பில்லிங்குக்குப் பாதிகூட இல்லை

அக்காவுக்கு அடுப்பில் சேலை பற்றி, 25 சதவீதம் தீக்காயம். இந்த மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில்தான் சேர்த்தோம். சேர்க்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இவர்கள் புண்ணை மட்டும் பார்ப்பதில்லை, ரத்தத்தையும் விடாமல் பார்க்கிறார்கள். உடம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எல்லா இடத்திலும் கசிய ஆரம்பித்து, தண்ணீரோடு ஆல்புமின் என்ற புரதமும் வெளியே போய்விடுமாம், தீ படாத இடம்கூட வீங்குவது அதனால்தான். போதாக்குறைக்குக் கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு சிஆர்பி போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. கிருமியை எதிர்க்கும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியும் முதல் சில நாட்களில் இறங்கிவிடும். மேலே தோலும் இல்லை, உள்ளே எதிர்ப்பும் இல்லை என்றால் சூடோமோனாஸ் மாதிரி கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான். இதையெல்லாம் டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார்.

ரத்தத்தில் ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், அக்காவுக்கு 2.1. பயந்துபோய், எவ்வளவு செலவானாலும் ஆல்புமின் பாட்டில் ஏற்றுங்கள் என்று கெஞ்சினோம். "பாட்டில் ஏத்தினா நம்பர் கொஞ்ச நாள் ஏறும்மா, புண்ணு மூடுற வரைக்கும் கசிஞ்சுகிட்டுதான் இருக்கும். சாப்பாடு உள்ள போகணும், ஒட்டுத்தோல் வைக்கணும்" என்றார் டாக்டர். விற்றால் அவர்களுக்குத்தானே லாபம், அப்படியும் வேண்டாம் என்றார்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டில் இவர்கள் காட்டும் கறாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எடையில் கிலோவுக்கு ஒன்றரை முதல் 2 கிராம் புரதம் என்று கணக்கு, 60 கிலோ அக்காவுக்கு நாளுக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் எத்தனை சாப்பிட முடியும்? அதனால் ராத்திரியில் மூக்குக் குழாய் வழியாகவும் கொடுத்தார்கள். நர்ஸ் தட்டை எடுக்கும்போது "அரை முட்டை மிச்சம்" என்று சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் போவார்.

முதல் நாளே ஊசியில் ஆன்டிபயாடிக் போடவில்லை என்று நோயாளிகளோடு வந்த சிலர் சண்டை போட்டார்கள். காரணமில்லாமல் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். தீக்காயத்தில் சிஆர்பி தானாகவே ஏறும், அதை மட்டும் வைத்து இன்ஃபெக்‌ஷன் என்று முடிவு கட்ட முடியாது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, இறங்கிக்கொண்டிருந்த சிஆர்பி மறுபடி ஏறியபோது பாக்டீரியா தொற்றைக் கணிக்க உதவும் புரோகால்சிட்டோனின் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ளப் புண்ணிலிருந்து கல்ச்சர் எடுத்தார்கள், அப்புறம் அதற்கேற்ற மருந்தைத் தொடங்கினார்கள்.

இனி குறைகள். பில்லிங் கவுன்டர் ரொம்ப மோசம், காப்பீட்டுக் கார்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக அலையவிட்டார்கள், யாருக்கும் பதில் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குறை, பார்வையாளர்கள் வரும் வராந்தாவில் கை கழுவும் திரவம் பல நேரம் காலி. உள்ளே இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் வாசலில் இதை எப்படி விடலாம்? இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. அதனால் 4 ஸ்டார். சேர்ப்பவர்கள் சானிடைசர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், லேப் ரிப்போர்ட் நகலைத் தினமும் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.