ஜி கம்பி, ஐந்தாவது ஃப்ரெட்: ஒரு பழைய பேஸ் கிட்டாரோடு 11 வருடம்

போன வாரம் என் பேஸ் கிட்டார் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. நட்டை (தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) மாற்றி, தேய்ந்துபோன ஃப்ரெட்டுகளை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) சமப்படுத்தியதற்கு 280 டாலர் ஆனது. அன்று சாயங்காலமே நண்பர் ஒருவர் போன் செய்தார். "உங்களோடது மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. முதல்ல சொன்னதைவிட 300 டாலர் குறைச்சுட்டாங்க. வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் இது.

அடிப்படை விவரங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), நாலு கம்பி, இரண்டு குமிழ். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸைப் பார்த்து எழுபதுகளில் ஜப்பானில் செய்த நகல்களில் ஒன்று. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். என்னை இத்தனை வருடம் வாட்டுவது ஒரே ஒரு இடம். ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்.

அங்கே அழுத்தி மீட்டினால் ஸி சுரம் வர வேண்டும். வருகிறது, ஆனால் பிறந்த உடனேயே செத்துவிடுகிறது. மூன்றாவது ஃப்ரெட்டில் அதே விசையில் மீட்டினால் நீளமாக நின்று, மெல்லத் தேய்ந்து போகிறது. ஐந்தில் மட்டும் ஈரத் துணியைப் போட்டு மூடியதுபோல 'டப்' என்று முடிந்துவிடும். இதை டெட் ஸ்பாட் என்பார்கள். கிட்டாரின் நெக் நீளமான ஒரு மரத்துண்டு, அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. கம்பியின் அதிர்வு அதோடு ஒத்துப்போகும் இடத்தில், கம்பியில் நாம் போட்ட சக்தியை மரம் இழுத்துக்கொள்ளும். இந்த வகை பேஸ்களில் பெரும்பாலும் ஜி கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் இது வரும். விலை கூடிய கருவிகளிலும் உண்டு. ஆகவே இந்த ஜப்பான் நகலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நியாயம் தெரிகிறது, கோபம்தான் போகவில்லை. நாங்கள் வாசிக்கும் பாட்டுகளில் பாதி ஸி-யில் போய்த்தான் உட்காரும்.

இதை நான் வாங்கியது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்கே, மாங்கெரேயில், எங்கள் தெருவில் இருந்த ஒரு மாவோரிப் பெரியவரிடம். மாவோரிகள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். எல்லோரும் அவரைக் கோரோ என்று கூப்பிடுவார்கள். தாத்தா என்று அர்த்தம். விரல் முட்டிகள் வாதத்தில் வீங்கி, கம்பியை அழுத்த முடியாமல் போன வருடம் அது. 600 டாலர் கேட்டார். நான் எண்ணிக் கொடுத்ததும் 100 டாலரைத் திருப்பிக் கையில் வைத்து, "இது கம்பிக்கு. ஆனால் மாற்றாதே" என்றார்.

அவர் வடக்கே ஹோக்கியாங்காவில் பிறந்தவர். போருக்குப் பின் ஊர் ஊராக மாவோரிக் குடும்பங்கள் வேலை தேடி நகரத்துக்கு வந்தபோது அவர் வீடும் வந்தது. பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமை இரவுகளில் நடன அரங்குகள். முதலில் வாசித்தது தேயிலைப் பெட்டி பேஸ். பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் கயிறு கட்டி, மறுமுனையைத் துடைப்பக் கட்டையில் முடிந்து, கட்டையைச் சாய்த்துச் சாய்த்துச் சுரத்தை மாற்றுவது. நிஜ பேஸ் கைக்கு வருவது அப்போது லேசான காரியமில்லை. இறக்குமதிக்கு அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. கிறைஸ்ட்சர்ச் குழுக்களுக்கு மட்டும் ஒரு வழி இருந்ததாம். அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில் அங்கே தங்கிய அமெரிக்கப் படையினர் மூலமாக அவர்களிடம் ஃபெண்டர் கருவிகள் வந்துசேர்ந்தன. அங்கிருந்து வந்த ரே கொலம்பஸ் அண்ட் தி இன்வேடர்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர் பில்லி கிறிஸ்டியன், அவரும் மாவோரி. அந்தக் குழு மேடை ஏறினால் கோரோ பாட்டைக் கேட்கமாட்டாராம், பில்லியின் இடது கையையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

பிறகு சிட்னி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மாவோரி ஷோபேண்டுகளுக்கு அங்குள்ள கிளப்புகளில் ஏக கிராக்கி. மாவோரி ஹை ஃபைவ், குவின் டிக்கிஸ், மாவோரி வோல்கானிக்ஸ் என்று குழுக்கள் நாடு நாடாகப் போய்வந்தன. ஓர் ஆள் மூன்று வாத்தியம் வாசிக்க வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும், கூட்டத்தைச் சிரிக்க வைக்கவும் வேண்டும். கோரோ அவ்வளவு பெரிய குழுவில் இல்லை. சின்னக் குழு ஒன்றில் ஏழு வருடம் இருந்தார். கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது கையில் இருந்த காசில் வாங்கியதுதான் இந்த பேஸ்.

வந்த கொஞ்ச நாளில், 1979 ஏப்ரல் 16 அன்று, ஆக்லாந்து வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி பாடினார். கோரோ அங்கே இருந்தார். அன்று இரவே வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் கீச்சு ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகி, குமிழையே பிடுங்கிவிட்டார். அந்த ஆம்ப்பும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. குமிழ் இருந்த இடத்தில் ஓர் இரும்புக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நிலம் பறிபோன ஒரு ஜனத்துக்கு அந்த ரெகே இசை ஏன் அப்படிப் போய் ஒட்டிக்கொண்டது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய வருடம்தான், ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயிண்ட்டில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து தங்கள் நிலத்துக்காகப் போராடியவர்களைப் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியிருந்தது. ஹெர்ப்ஸ் என்ற ஆக்லாந்து ரெகே குழுவின் 1981-ஆம் வருட முதல் இசைத்தட்டின் அட்டையில் இருப்பது அந்த நாளின் படம்தான்.

கோரோ பேச்சில் அடிக்கடி வரும் பெயர் சார்லி டுமஹாய். ஆக்லாந்துக்காரர், மாவோரி. ஆஸ்திரேலியாவில் வாசித்து, அங்கிருந்து இங்கிலாந்து போய் எழுபதுகளில் பீ-பாப் டீலக்ஸ் குழுவில் பேஸ் வாசித்தார், கூடவே பாடினார். எண்பதுகளில் ஊர் திரும்பி ஹெர்ப்ஸில் சேர்ந்தார். 1995 டிசம்பரில் மாரடைப்பு, 46 வயது. இரண்டு காலத்துப் பதிவுகளையும் எடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். இங்கிலாந்தில் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெர்ப்ஸில் அதே மனிதர் இடம் விட்டு வாசிக்கிறார். "அவ்வளவு தூரம் போய்வந்தால்தான் ஒரு சுரத்தை விட்டுவிட தைரியம் வரும்" என்பார் கோரோ.

இனி நல்லதைச் சொல்கிறேன். மேலே இருக்கும் தட்டைக் கம்பிகளை நான் மாற்றவே இல்லை. இ கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். மரத்தரை போட்ட கூடத்தில் அது காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்துவிடும். நெக் பின்புறம் பாலிஷ் தேய்ந்து, கட்டைவிரல் நிற்கும் இடத்தில் மட்டும் வெறும் மரம். என் கட்டைவிரல் தானாக அங்கே போய் நிற்கிறது. ஆக்லாந்தின் ஈரக்காற்றில் வருடத்துக்கு இரண்டு முறை, நெக்குக்குள் அதை நேராக வைத்திருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருக வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. எடை நாலரைக் கிலோ. மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு இடது தோள் சொல்லும்.

சரி, ஸி-க்கு வருகிறேன். முதல் வருடம் முழுக்க என் விரலில்தான் கோளாறு என்று நினைத்து அழுத்தி அழுத்தி நகம் வலித்தது. தெரியவந்ததும் கோரோவிடம் போய்க் கேட்டேன், "இதை ஏன் சொல்லவில்லை?" "எதை?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2019-இல் அவர் போய்விட்டார். ஹோக்கியாங்காவில் அவர்கள் குடும்பத்து மராயில் (மாவோரிகள் கூடும் பொது இடம்) மூன்று நாள் துக்கம். சவப்பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தை விட்டு நகராமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவரிடமே பேசினார்கள், சிலர் திட்டவும் செய்தார்கள். அடக்கம் முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் விருந்து. மேசைகளை ஒதுக்கிவிட்டு யாரோ கிட்டாரை எடுத்து, மாவோரி வீடுகளுக்கே உரிய அந்த 'ஜிங்-அ-ஜிக்' வாசிப்பை ஆரம்பித்தார்கள். நான் பேஸை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டேன். பாட்டு ஸி-க்குத் திரும்பும் இடம் வந்தது. விரல் பழக்கத்தில் ஜி கம்பிக்குப் போனது. 'டப்.'

எதிரில் கோரோவின் தம்பி உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர், வாத்தியம் எதுவும் வாசிக்காதவர். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு தன் இடது கையைத் தூக்கி, காற்றிலேயே ஒரு கம்பி தள்ளி, ஐந்து ஃப்ரெட் கீழே நெஞ்சுப் பக்கமாக இறக்கிக் காட்டினார். டி கம்பி, பத்தாவது ஃப்ரெட். அதே ஸி, தடித்த கம்பியில். அடுத்த சுற்றில் அங்கே வைத்தேன். சத்தம் உருண்டு, கனத்து, அடுத்த அடி வரும்வரை நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோரோவின் கை அங்கேதான் போயிருக்கிறது, முப்பத்தைந்து வருடமாக. பத்தாவதில் நின்றுகொண்டால் அதற்கு மேல் வரும் சுரங்கள் எல்லாமே வேறு விரலுக்குப் போகின்றன. அவர் பாணி என்று நாங்கள் கொண்டாடிய அந்த வழுக்கல்கள், அந்தத் தாமதம், எல்லாம் அந்தச் செத்த இடத்தைச் சுற்றிப் போட்ட பாதை. நான் கேட்ட அன்று அவருக்குப் புரியாமல் போனதும் அதனால்தான். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஸி இருப்பதையே அவர் கை மறந்துவிட்டிருந்தது.

இந்த முறை ரிப்பேரில் அதையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டி மீட்டிக் காட்டினார்கள். கூடின எடையில் நெக்கின் அதிர்வு இறங்கி, செத்த இடம் நாலாவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்தது. ஐந்தில் ஸி மணி மாதிரி நின்றது. ஒரு பித்தளைத் தகட்டைத் திருகி வைத்துவிட்டால் நிரந்தரம், நாலு துளை போட்டால் போதும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துளை போட இது என்னுடையது இல்லை. கோரோவின் மகள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நேற்று வாசிக்கும்போது மறுபடி விரல் ஐந்துக்குப் போனது, மறுபடி 'டப்', மறுபடி எரிச்சல். 280 டாலர் கொடுத்து ரிப்பேர் பார்த்து எடுத்து வந்த கிட்டார் இது.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். 300 இல்லை, 500 குறைத்தாலும் வேண்டாம். இது குறையுள்ள கருவி. வாங்கியே தீருவேன் என்றால் ஆம்ப்பில் இணைக்காமல், ஜி கம்பியில் மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டி, மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். எங்கே எண்ணிக்கை திடீரென்று குறைகிறதோ அங்கே உங்கள் பாட்டுகள் வந்து உட்காருமா என்று யோசியுங்கள். அப்புறம் தோளில் மாட்டி அரை மணி நேரம் நில்லுங்கள்.

என்னுடையது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்பனைக்கு இல்லை. கோரோவின் பேரனுக்கு இப்போது 12 வயது, வியாழக்கிழமைகளில் என்னிடம் வருகிறான். 34 அங்குலத்துக்கு அவன் கை இன்னும் எட்டவில்லை. அவனுக்காக 30 அங்குல ஸ்கேலில் ஒன்று இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஐந்தாவது ஃப்ரெட் ஸி நன்றாகவே ஒலிக்கிறது. நான் இன்னும் அதை அவனுக்குச் சொல்லித் தரவில்லை, டி கம்பியில் பத்தாவதைத்தான் முதலில் காட்டினேன்.