கடைசல் பாத்திரத்துல சாண்ட் பிளாஸ்டிங்கும் சாயமும்: செங்கோட்டையில பல சாரல் தாண்டின அனுபவம்

எங்க பட்டறைக்கு சாண்ட் பிளாஸ்டிங் கேபினட், அதாவது காத்தோட வேகத்துல குருணையைப் பாய்ச்சி அடிக்கிற மூடின பெட்டி, வந்து பல சாரல் சீசன் தாண்டிருச்சு. லேத்துல கடைஞ்ச ஜாடி, கிண்ணம், உருளி மாதிரி வாய் அகன்ற பாத்திரம் இதுக்கெல்லாம் வெளிப்பக்கம் மணல் அடிச்சு, சாயம் ஏத்தி, குத்தாலத்துக்கு வர்றவங்களுக்கும் அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை ஹோம்ஸ்டேகாரங்களுக்கும் குடுத்துட்டு வர்றோம். புதுசா வாங்கின கையோட எழுதுற ரிவ்யூல மெஷினைப் பத்தி மட்டும்தான் எழுத முடியும், பாத்திரம் ஒரு வீட்டு ஜன்னலோரமா நாலு கோடை வெயிலப் பாத்த பிறகுதான் எது நின்னுச்சு எது போச்சுன்னு தெரியும். முதல்லயே சொல்லிடுறேன், மணல் அடிச்ச டெக்ஸ்ச்சர் அன்னைக்கு இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கு. வித்தியாசம் எல்லாம் சாயத்துலதான். அதனால கையில இருக்குற காசு கொஞ்சம்னா மெஷினை சின்னதா வாங்கிட்டு நல்ல சாயத்துல போடுங்க.

மணல் அடிச்சா மரத்துல என்ன ஆகுதுன்னா, வருஷ வளையத்துல சீசன் ஆரம்பத்துல வளர்ந்த பகுதி மெத்துன்னு இருக்கும், பிந்தி வளர்ந்தது கெட்டியா இருக்கும். காத்தோட வேகமா வர்ற குருணை மெத்தப் பகுதியை அரிச்சு எடுத்துரும், கெட்டி வரி மேடா நிக்கும். வெள்ளத்துல அடிச்சுட்டு வந்து பல வருஷம் ஆத்துல கெடந்த கட்டை எப்படி வரி வரியா இருக்குமோ அப்படி. உப்புத்தாள் எவ்வளவு தேய்ச்சாலும் இது வராது, அது மேடு பள்ளம் ரெண்டையும் சேத்து மட்டமாக்கிரும்.

அதனால மரம்தான் பாதி வேலை. தேக்கு அருமையா வரும். அதுலயும் தோட்டத்துத் தேக்குக்கும் பழைய வீடு இடிச்ச தேக்குக்கும் நிறைய வித்தியாசம். தோட்டத்துல வேகமா வளர்ந்தது வளையம் அகலமா இருக்கும், சீக்கிரம் அரிக்கும், வரி தூரத்துல இருந்தே தெரியும். புனலூர், கொட்டாரக்கர பக்கம் பழைய தறவாடு (பரம்பரைப் பெரிய வீடு) இடிக்கும்போது வர்ற உத்தரம், வாசக்கால் துண்டுல வளையம் நெருக்கமா இருக்கும், அடிக்க ரொம்ப நேரம் புடிக்கும், ஆனா வர்ற வரி அவ்வளவு நயமா இருக்கும், கையில எடுத்தவங்க கீழ வைக்க மாட்டாங்க. உள்ள பழைய ஆணி இருக்கும், காந்தம் வச்சுப் பாக்காம உளி வைக்காதீங்க. செங்கோட்டை திருவிதாங்கூர்லயும், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்த ஊரு, அதனால அந்தக் காலத்து வீட்டு மரம் நம்ம ஊர்லயே தேடினாலும் கிடைக்கும்.

மலைவேம்பு விலை கம்மி, வரி நல்லா தெரியும், வெளிர் நிறம்ங்கிறதால சாயம் பளிச்சுன்னு புடிக்கும். டீ எஸ்டேட்ல நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக்ல வரிக்குப் பதிலா ஒரு பின்னல் இருக்கும், அது மணல் அடிச்ச பிறகு தனி அழகு. தென்னை வேற கதை, அதுக்கு வளையமே கிடையாது, மெத்தச் சோறுக்குள்ள கெட்டியான நார்க்கட்டு ஓடும். சோறு அரிச்சு நார் மட்டும் நிக்கும், கறுப்புச் சாயம் போட்டா பிரமாதம், ஆனா வயசான மரத்தோட வெளிச்சுத்துக் கட்டையா இருக்கணும், நடுக்கட்டை பொலபொலன்னு உதிரும். மா, பலா, ரப்பர், ஈட்டி இதெல்லாம் மணல் அடிக்கத் தோதுப்படாது. அதுல துவாரம் எல்லாப் பக்கமும் ஒரே சீரா பரவி இருக்கும், அதனால வரி எழும்பாது, வெறுமனே மங்கலாகும், நல்ல ஈட்டியை அப்படி மங்க வைக்கிறது எனக்கு மனசு வரல. சென்னபட்டணா, ஏட்டிகொப்பாக்கா பொம்மைக்கு எடுக்குற வெட்பாலையும் இதே கணக்குதான், அந்த மரத்தோட நயமே ஒரே சீரா இருக்குறதுல இருக்கு, அதுக்கு அரக்குதான் பொருத்தம்.

எங்களுக்கு கடைசல் சொல்லிக்குடுத்த அம்பாசமுத்திரத்துப் பெரியவர் முதல் ஜாடியைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "வழவழன்னு கடைஞ்சு வச்சதை எதுக்கு தம்பி சொரசொரன்னு ஆக்குதீய"ன்னு கேட்டாரு. "அண்ணாச்சி, வரி மேல விரலை வச்சு ஓட்டிப் பாருங்க"ன்னேன். ஓட்டிப் பாத்தாரு, "சொப்புக்கு ஆவாது, பூ வைக்க ஆவும்"னாரு. அவர் சொன்னது சரிதான், குழந்தை வாயில வைக்கிற சாமானுக்கு இந்த வேலை இன்னைக்கு வரைக்கும் நாங்க செய்யறதில்ல.

மெஷின் விஷயத்தை சுருக்கமா சொல்றேன். கேபினட் சின்னது, குழாயால உறிஞ்சி அடிக்கிற சைஃபன் கன். குருணையை அழுத்தத் தொட்டியில இருந்து தள்ளுற பிரஷர் பாட் வகை இதைவிடப் பல மடங்கு வேகம், ஆனா மரத்துக்கு அந்த வேகம் தேவையில்ல, ஒரு நொடி அசந்தா பள்ளம் விழுந்துரும். நாங்க காத்தழுத்தத்தை 60ல இருந்து 80 பி.எஸ்.ஐ வரைக்கும் வச்சு, ஒரு சாண் தள்ளி அடிக்கிறோம், மெத்த மரம்னா 40க்கே இறக்கிருவோம். மெஷினைவிட கம்ப்ரஸர்தான் முக்கியம், 3 ஹெச்.பி போட்டிருக்கோம், அது போதும்னு சொல்ல முடியாது, பெரிய ஜாடின்னா நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் காத்து ஏறும். முதல்ல வந்த கதவு ரப்பர் சீக்கிரமே இத்துப்போச்சு, வித்த கம்பெனி கண்டுக்கவே இல்ல, லாரி கதவுக்குப் போடுற ரப்பரை வாங்கி ஒட்டினோம், இன்னும் நிக்குது. பாக்குற கண்ணாடி குருணை பட்டு மங்கும், மேல ட்ரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர் ஒட்டி அப்பப்போ மாத்திக்கலாம். செராமிக் நாசில் தேயத் தேய காத்து வீணாகும், போரான் கார்பைடு நாசில் விலை கூட, ஆனா உழைக்கும்.

நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை, சாரல். ஜூன்ல ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் தூறலும் உள்ள வந்துச்சுன்னா கம்ப்ரஸர் டேங்க்ல தண்ணி சேரும், அது குழாய்ல வந்து குருணையைக் கட்டியாக்கும், கன் அடைச்சுக்கும். வாட்டர் செப்பரேட்டர் ஒண்ணுக்கு ரெண்டா போட்டு, டேங்க்கை தினம் வடிச்சாத்தான் ஓடும். மரமும் ஈரம் இழுத்து ஊதிரும், அதனால சீசன்ல கடைசல் மட்டும் பாத்துட்டு மணல் அடிக்கிற வேலையை வெயில் காலத்துக்குத் தள்ளிட்டோம்.

இப்ப சொல்றதை தயவுசெஞ்சு கவனமா படிங்க. பேர்தான் சாண்ட் பிளாஸ்டிங், ஆத்து மணலோ எம்-சாண்டோ உள்ள போடாதீங்க. மணல்ல இருக்குற சிலிக்கா ஒடைஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூளா மாறி நுரையீரல்ல போய் உக்காரும், சிலிகோசிஸ் வந்தா திரும்பக் குணமாக்க மருந்து கிடையாது. பிரிட்டன்ல 1950லயே இந்த வேலைக்கு சிலிக்கா மணலைத் தடை பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1974ல தடை பண்ணச் சொல்லிச்சு, நம்ம பக்கம் இன்னும் கண்ணாடிக் கடையில, கல்லறைக்கு பேரு வெட்டுற கிரானைட் கடையில மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு சின்னப் பையங்க அடிச்சுட்டு இருக்காங்க, பாக்கவே வயிறு எரியுது. அலுமினியம் ஆக்சைடு போடுங்க, 80ல இருந்து 120 மெஷ், திரும்பத் திரும்ப ஓடும். கார்னெட்டும் நல்ல சரக்கு, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில கடல் மணல்ல இருந்து பிரிக்கிற தாதுல அதுவும் ஒண்ணு. குருணை எதுவா இருந்தாலும் மரத்தூள் பறக்கத்தான் செய்யும், மரத்தூளையே புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தி வச்சிருக்கு. தூசியை வடிகட்டுற கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், தூசி உறிஞ்ச ஒரு வாக்குவம், இந்த ரெண்டும் இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

மறைக்க வேண்டிய இடத்துக்கு சைக்கிள் டியூப் மாதிரி சரக்கு இல்ல. குருணை ரப்பர்ல பட்டா துள்ளிப் போயிரும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஜாடிக் கழுத்துல டியூப் வளையம் மாட்டிட்டு அடிச்சா, வழவழப்பு நிக்கிற இடமும் வரி ஆரம்பிக்கிற இடமும் கோடு போட்ட மாதிரி பிரியும். விளிம்பை எப்பவும் மூடிருங்க, இல்லன்னா வாய் ஓரம் தின்னு அலை அலையா போயிரும். சுவரை மெல்லிசா கடையாதீங்க, மணல் அடிக்கப்போறதுன்னா 6 மில்லிமீட்டராவது விட்டு வைக்கணும்.

சாயத்துக்கு வர்றேன். பாய்க்கும் கோலப்பொடிக்கும் போடுற சாயப்பொடி விலை கம்மி, போட்ட அன்னைக்கு நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனா வெயிலுக்கு நிக்காது. தென்மலையில ஒரு சேச்சி ஹோம்ஸ்டேக்கு ஒரே சாயத்துல நிறைய ஜாடி வாங்கினாங்க, வரவேற்புல கண்ணாடி ஜன்னல் பக்கம் வச்சது ரோஸ் நிறம் சாம்பலாயிடுச்சு, உள் ரூம் அலமாரியில வச்சது இன்னும் அப்படியே இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டினாங்க, அதுக்கப்புறம் அந்தப் பொடியை நாங்க தொடல. மஞ்சள்தூள் சாயம் அதைவிட மோசம், வெயில் பட்டா வாரக்கணக்குல போயிரும். இப்ப முழுக்க மெட்டல் காம்ப்ளக்ஸ் சாயம்தான், அதாவது உலோகம் சேந்த சாயம், ஸ்பிரிட்ல கரையிற வகை. விலை கூடத்தான், ஆனா அதே ஜன்னல்ல அதே வெயில்ல வச்ச நீலமும் சிவப்பும் லேசா மங்கினதோட நிக்குது.

தண்ணிச் சாயத்துல ஒரு சிக்கல் இருக்கு, நார் எழும்பிக்கும். வழவழ மரம்னா தேய்ச்சு விட்டுரலாம், மணல் அடிச்ச மரத்துல தேய்ச்சா மேட்டுல இருக்குற நிறம்தான் போகும். ஸ்பிரிட் சாயம்னா நார் அவ்வளவு எழும்பாது, ஆனா சீக்கிரம் காயும், பிரஷ்ல அடிச்சா திட்டுத் திட்டா வரும், ஸ்ப்ரேதான் சரி. இன்னொண்ணு, ஸ்பிரிட் சாயத்து மேல பிரெஞ்சு பாலிஷை (ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு) துணியால தேய்ச்சீங்கன்னா ரெண்டுக்கும் கரைப்பான் ஒண்ணுங்கிறதால சாயம் கரைஞ்சு துணியில வந்துரும், அதையும் ஸ்ப்ரேலதான் ஏத்தணும். தேக்குல எண்ணெய் இருக்கு, தின்னர் வச்சு ஒரு தடவை துடைச்சுட்டு சாயம் போட்டா திட்டு விழாது.

கறுப்புக்கு மட்டும் கடைச் சாயம் வேண்டாம்னு சொல்வேன். கடுக்காய்க் கஷாயம் ஒரு கை, அது காஞ்ச பிறகு துரு ஆணி ஊறின வினிகர் ஒரு கை. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேந்து மரத்துக்குள்ளயே கறுப்பு உண்டாகும், ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில வெல்லமும் துரு இரும்பும் ஊறவச்சு கடுக்காய்த் துணியில எழுதுற கறுப்பும் இதே சங்கதிதான். வருஷங்கள்ல லேசா பழுப்பு தட்டும், அது அசிங்கமா இல்ல. அந்தக் கறுப்பு மேல மெழுகுல கலந்த வெள்ளையைத் தேய்ச்சு துடைச்சா பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும், எங்க சரக்குல ரொம்ப விரும்பி வாங்குறது இதைத்தான். அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு, பக்கத்துல கொல்லம் சவறையில கே.எம்.எம்.எல்ங்கிற கேரள அரசுக் கம்பெனி தயாரிக்கிற பொருள், அது கரையிற சாயம் இல்ல, நிறமி, அதனால வெயில் அதை ஒண்ணும் பண்றதில்ல.

உள்பக்கம் எதுவும் போடுறதில்ல, சாப்பாட்டுப் பொருள் வைக்கிறதுன்னா தேன்மெழுகு மட்டும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சுக்கலாமான்னு கேரளாக்காரங்க எல்லாரும் கேப்பாங்க, அது காஞ்சு கெட்டியாகுற எண்ணெய் இல்ல, வரிக்குள்ள பிசுபிசுன்னு நின்னு தூசியைப் புடிக்கும், சாரல்ல பூஞ்சை புடிக்கும். பூஞ்சை வந்தா பழைய பல் பிரஷ்ஷால உலர்வா தேய்ச்சுட்டு வெயில் படாத காத்தோட்டத்துல வைங்க. ஸ்பிரிட் மட்டும் தொடக்கூடாது, சாயம் கூட வந்துரும். மலைவேம்பு, ரப்பர், தேக்கோட வெள்ளைப் பகுதி இதுல எல்லாம் வண்டு உளுத்து மாவு கொட்டும், கடையிறதுக்கு முன்னாடியே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல ஊறவச்சு காயவச்சுக்கணும்.

மங்கின ஜாடியைத் தூக்கிப் போட வேண்டாம். இதுல ஒரு வசதி, டெக்ஸ்ச்சர் போகாததால மெழுகை டர்பன்டைன்ல கழுவி எடுத்துட்டு, குறைஞ்ச பிரஷர்ல ஒரு தடவை மேலோட்டமா அடிச்சா பழைய பாலிஷும் போயிரும், பிறகு திரும்பச் சாயம் ஏத்திரலாம். சேச்சி வீட்டு சாம்பல் ஜாடி எல்லாத்தையும் அப்படித்தான் வாங்கிட்டு வந்து கறுப்பு வெள்ளையா மாத்திக் குடுத்தோம், இப்ப அவங்க புதுசா கேக்குறதும் அந்த நிறத்துலதான்.